வடக்கிருந்தோரும் வழக்குமன்றமும்

தர்மமும் சட்டமும்: பகுதி 17

செஞ்சிக்கு அண்மையில் திருநாதர்குன்று என்று ஒரு பாறைக் குன்று இருக்கிறது. அதன் பாறை முகத்தில் மேல் வரிசையில் 12, கீழ் வரிசையில் 12 என்று 24 ஜைனத் தீர்த்தங்கரர்களும் அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கேயே சிறியதொரு கல்வெட்டும் உண்டு. பிராமியிலிருந்து வட்டெழுத்து பிறந்துகொண்டிருந்த காலத்து எழுத்தில், ஏறக்குறைய கி.பி. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வெட்டப்பட்டது அது. ஐகார எழுத்தின் மிகப் பழைய வடிவத்தை அதிலே காண்கிறோம் என்று எழுத்தியல் அறிஞர்கள் அதனைப் போற்றுவார்கள். ஆயினும் அந்தக் கல் நமக்குச் சொல்லவந்த செய்தி எழுத்தைப் பற்றியதன்று. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உணவு துறந்து நோற்று உயிர் நீத்தார், அவருடைய நிசீதிகை, அதாவது நோற்று உயிர் நீத்த இடம், இது என்பதே அது சொல்லும் செய்தி. அவருக்கு என்ன வயது, என்ன நோய், எந்த ஊர் என்பன எவற்றையும் அது கூறவில்லை. நாளின் எண்ணிக்கையை மட்டும் மறவாமல் கூறுகிறது. அதே குன்றிலே சில நூற்றாண்டுகளுக்குப் பின் இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோற்றதைச் சொல்லும் இன்னொரு கல்வெட்டும் இருக்கிறது.

அந்தக் குன்றில் ஒரு சமூகம் கல்லில் வெட்டிப் போற்றிய செய்கை, 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதியன்று, ராஜஸ்தான் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பினால், இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவுக்கு உட்பட்ட தற்கொலை முயற்சி ஆயிற்று. அந்த நோன்பாளியின் அருகே அமர்ந்து மந்திரம் சொன்னவர்களோ 306ஆம் பிரிவின்படி தற்கொலைக்குத் துணை நின்ற குற்றவாளிகள் ஆனார்கள். சென்ற பகுதியில் உடன்கட்டை ஏறும் வழக்கத்தை 1829ஆம் ஆண்டில் பெண்டிங்கு பிரபு சட்டத்தால் தடுத்த வரலாற்றைக் கண்டோம். அங்கே தர்மம் என்ற பெயரால் நிகழ்ந்தது கொலை என்பதை அறிந்துகொள்ள நமக்கு நெடுநேரம் தேவைப்படவில்லை. இப்பொழுது பார்க்கப்போகும் வரலாறு அவ்வளவு எளிதாகத் தீர்வு காணத்தக்கதன்று. சாகும் தறுவாயிலுள்ள ஒரு மனிதர் உணவை மறுக்கும் உரிமை யாருக்குச் சொந்தம், அவருக்கா, அவருடைய சமயத்துக்கா, அரசாங்கத்துக்கா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்த நோன்பின் இயல்பை அறிந்துகொள்வோம். திகம்பர ஜைனர் அதனைச் சல்லேகனை என்பர். நன்கு மெலிவித்தல் என்பது அச்சொல்லின் பொருள். மெலிவிக்கப்படுவது சரீரம் மாத்திரமன்று. கோபம், கர்வம், வஞ்சனை, லோபம் என்ற நான்கு கஷாயங்களும் சரீரத்தோடு சேர்ந்து மெலிய வேண்டும் என்பது ஆசாரியர்களின் கொள்கை. சுவேதாம்பரர் வழங்கும் சந்தாரா என்ற பெயரோ நோன்பாளி படுக்கும் புல்லணையைக் குறித்துப் பிறந்தது. இந்த நோன்பை எப்பொழுது ஏற்கலாம் என்பதைச் சமந்தபத்திரர் தம் ரத்ன கரண்டக சிராவகாசாரத்தில் வரையறுத்திருக்கிறார். தப்ப வழியில்லாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீரா நோய் ஆகிய இந்நான்கில் ஒன்று வந்து, தன் தர்மத்தைக் காத்துக்கொண்டு உயிர் தரித்திருக்க இயலாது என்ற நிலை தோன்றினாலன்றி அதனை ஏற்றல் ஆகாது. சமந்தபத்திரரைக் காஞ்சி மாநகரோடு தொடர்புபடுத்துவது மரபு. அவருடைய அந்த நூலைத் தழுவியே தமிழில் அருங்கலச்செப்பு என்ற நூல் தோன்றியது. நூற்பெயரே ரத்ன கரண்டகம் என்பதன் நேர்த் தமிழாக்கம். ஆகவே இந்த விதிமுறைகள் எங்கோ மார்வாடத்து வணிகர் வீதிகளில் மட்டும் வழங்கியவை என்று நாம் எண்ணிவிடலாகாது. நம்மவர் வீட்டுத் திண்ணைகளிலும் அவை ஓதப்பட்டவை.

நோன்பின் முறை மிக மெதுவானது. முதலில் திட உணவு விடப்படும்; பின்பு பால் போன்ற பானங்கள்; பின்பு மோர்; பின்பு வெந்நீர்; கடைசியில் அதுவும் நிற்கும். தொடங்குமுன் நோன்பாளி தன் பகைவர், உறவினர், ஏவலர் எல்லாரிடத்தும் மன்னிப்புக் கேட்டுத் தானும் மன்னிக்க வேண்டும். குருவின் அனுமதி பெறவேண்டும். தன் மனம் போனபோக்கில் ஒருவர் இதில் இறங்க முடியாது. உடலைப் பேணுவதையே கடமையாகக் கொண்டிருந்த ஒருவர் அதனை விடத் துணிவது எப்படி என்ற ஆக்ஷேபம் பண்டைக் காலத்திலேயே எழுந்தது. ஜைன நூலாகிய தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரை கண்ட பூஜ்யபாதர் அதற்கு ஒரு வணிகனை உவமை காட்டி விடை சொல்கிறார்: பண்டசாலையில் தீப்பிடித்தால் வணிகன் கட்டடத்தைக் காக்கவே முதலில் முயல்வான், முடியாதென்று கண்டால் கட்டடத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சரக்குகளை வெளியே கொண்டுவரப் பார்ப்பான், அவன் கட்டடத்துக்குத் தீ வைத்தவன் ஆகமாட்டான்.

இவை எல்லாவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது தத்துவார்த்த சூத்திரம் இந்த நோன்புக்குக் கூறும் ஐந்து குற்றங்களே. நோன்பை ஏற்றபின் இன்னும் வாழவேண்டும் என்று ஆசைப்படுவது முதற் குற்றம். விரைவில் செத்தால் நலம் என்று ஆசைப்படுவது இரண்டாம் குற்றம். நண்பர்பால் பற்று வைப்பது, அனுபவித்த இன்பங்களை நினைந்து ஏங்குவது, இந்த நோன்பின் பயனாக மறுபிறவியில் இன்ன போகம் வேண்டும் என்று கோருவது என்பன எஞ்சிய மூன்று. சாவை விரும்புவதே நோன்புக்குக் களங்கம் என்று சூத்திரம் செய்தவர், தற்கொலைக்கும் சல்லேகனைக்கும் இடையே உள்ள எல்லையை எந்த வழக்கறிஞரும் வகுக்க முடியாத அளவுக்கு நுட்பமாக வகுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த எல்லை நோன்பாளியின் மனத்துக்குள்ளே ஓடுகிறது. சாட்சிக் கூண்டிலிருந்து அதைப் பார்க்க முடிவதில்லை. பின்னே வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்து முளைத்தவை.

நம் சங்கப் பாடல்களில் வரும் வடக்கிருத்தலை இதனோடு ஒன்றாக எண்ணுவோர் உண்டு. புதல்வர் பகையானபோது போரைக் கைவிட்டு வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனையும், அவனை முன்பின் காணாமலே நட்புக்கொண்டு வந்து உடனிருந்து உயிர் நீத்த பிசிராந்தையாரையும், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனையும் அறியாத தமிழர் இல்லை. மானமும் நட்புமே அவர்களைத் தூண்டியவை. சல்லேகனையின் இலக்கணப்படி பார்த்தால் நண்பர்பால் பற்று ஒரு குற்றமாகவே முடியும். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. எனினும் உணவு மறுத்து உயிர் விடுதலைத் தமிழ் நிலம் இழிவாகக் கருதியதில்லை என்பதற்கு அவை சான்று. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளோ ஜைனத் துறவி. கோவலன் முடிவைக் கேட்டு உண்ணா நோன்பினால் அவர் உயிர் துறந்தார் என்று அந்தக் காப்பியம் கூறுகிறது. கன்னட நாட்டில் இந்த மரபு அரசர்களிடத்தும் பரவியிருந்தது. கங்க மன்னன் மாரசிம்மன் அரசைத் துறந்து பங்காபுரத்தில் அஜிதசேன பட்டாரகரின் முன்னிலையில் நோற்று மறைந்தான். ஹொய்சள அரசி சாந்தலையின் தாயார், மகள் இறந்தபின் சிரவணபெளகொளவில் நோற்று மறைந்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இந்தக் கடைசி நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் அது விரதமா, தாயின் துக்கமா என்று நான் மயங்குவதுண்டு. கல் விரதம் என்றே சொல்கிறது.

இனி, இச்செய்கையைக் குற்றமாக்கிய சட்டத்தின் மூலத்தைத் தேடிச் செல்வோம். 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர்க்கு ஓராண்டு வரை வெறுங்காவல் என்று விதித்தது. இது பொதுவான மனித நியாயத்திலிருந்து பிறந்த விதி, இதில் எந்த மதமும் கலந்திருக்கவில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். நீதிமன்றங்களும் அவ்வாறே எண்ணியது போலத் தோன்றுகிறது. உண்மை வேறு. ரோமாபுரி கி.பி. 410இல் சூறையாடப்பட்டபோது மானத்துக்கு அஞ்சி உயிர் விட்ட பெண்களைப் பற்றி எழுந்த விவாதத்தில், கொலை செய்யாதே என்ற கட்டளை தன்னைத் தான் கொல்வதற்கும் பொருந்தும் என்று புனித அகஸ்டின் தம் பெருநூலில் வாதித்தார். அந்த வாதம் திருச்சபையின் சட்டமாயிற்று. திருச்சபைச் சட்டம் இங்கிலாந்தின் சட்டமாயிற்று. உயிரைக் கொடுத்த கடவுளே அதை எடுக்கவேண்டும், இடையில் தலையிடுகிறவன் கடவுளுக்கும் அரசனுக்கும் ஒருங்கே துரோகி என்ற கருத்தினால், தற்கொலை செய்துகொண்டவனின் சொத்து அரசனைச் சேர்ந்தது. அவனுடைய பிணத்தை நாற்சந்தியில் குழி தோண்டிப் புதைத்து உடலின் ஊடே ஒரு கழுக்கோலையும் அடித்தார்கள். அந்தக் கொடுமை 1823ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் நின்றது; சொத்துப் பறிமுதல் 1870இல் நின்றது; தற்கொலை முயற்சி குற்றமன்று என்று அந்த நாடு 1961இல் அறிவித்தது. இங்கிலாந்து தன் பழைய இறையியலைக் கைவிட்ட பின்னும், அது நமக்குக் கொடுத்துச் சென்ற பிரதியை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தோம்.

திருச்சபையின் நிலை அன்றுபோல் இன்றும் அசையாமல் நிற்கிறது என்று கூறுவதும் நீதியாகாது. மருத்துவ யந்திரங்கள் பெருகத் தொடங்கிய காலத்தில், 1957ஆம் ஆண்டு நவம்பரில், மயக்க மருந்து நிபுணர்களிடையே பேசிய போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், உயிரைக் காக்கச் சாதாரணமான வழிகளைக் கையாளுவது கடமை, அசாதாரணமான வழிகளைக் கையாளுவது கடமையன்று என்று விளக்கினார். பின்னாளில் உலகின் பல நீதிமன்றங்களில் நிகழ்ந்த வாதங்களுக்கு அந்தப் பாகுபாடு அடிப்படை ஆயிற்று. ஒரு மதம் தன் கொள்கைக்குள்ளேயே நின்றுகொண்டு வாழ்வின் முடிவைப் பற்றி நுட்பமாகச் சிந்திக்க முடியும் என்பதற்குப் பூஜ்யபாதரின் பண்டசாலையும் பயஸின் பாகுபாடும் இரண்டு உதாரணங்கள்.

309ஆம் பிரிவு நூலேட்டில் உயிரோடிருந்த காலத்திலேயே, தேசம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மாமனிதர் உணவும் நீரும் மருந்தும் மறுத்து உயிர் விட்டார். 1982ஆம் ஆண்டு நவம்பரில் வார்தாவுக்கு அருகிலுள்ள பவனார் ஆசிரமத்தில் மாரடைப்பினால் தளர்ந்த வினோபா பாவே, இந்த உடலை இனிப் பேணுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார். பிரதம மந்திரி இந்திரா காந்தி நேரில் சென்று வேண்டிக்கொண்டும் அவர் இசையவில்லை. அந்த மாதம் 15ஆம் தேதி, தீபாவளி நாளில், அவர் மறைந்தார். மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாளாக ஜைனர் கொண்டாடும் நாள் அது. ஜைன சமயத்தின் எல்லாப் பிரிவினரும் ஏற்கத்தக்க ஒரு நூல் வேண்டும் என்று முயன்று சமணசுத்தம் என்ற தொகுப்பு 1974இல் உருவாகத் தூண்டுகோலாக இருந்தவர் வினோபாவே என்பதும் நினைக்கத்தக்கது. அவர் மேல் எவரும் வழக்குத் தொடரவில்லை. அவர் அருகிலிருந்த ஆசிரமத்துச் சகோதரிகளைத் துணைக் குற்றவாளிகள் என்று எவரும் சொல்லவில்லை. மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னம் அளிக்கப்பட்டது. பின்னாளில் ஜைனர்கள் தங்கள் வாதங்களில் வினோபாவை அடிக்கடி குறிப்பிட்டதில் வியப்பில்லை.

நீதிமன்றங்களோ 309ஆம் பிரிவை வைத்துக்கொண்டு தடுமாறின. பம்பாய் உயர்நீதிமன்றம் 1986இல் அதனைச் செல்லாது என்றது. 1994இல் ரத்தினம் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், வாழும் உரிமைக்குள் வாழாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்று கருதி அதனைச் செல்லாது என்றார்கள். 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கூடி அந்த முடிவை மாற்றி, அரசியல் சட்டத்தின் 21ஆம் ஷரத்து வாழ்வைக் காக்குமேயன்றிச் சாவை உரிமையாக வழங்காது என்று கூறிப் பிரிவை மீண்டும் நிலைநாட்டினார்கள். ஆனால் அதே தீர்ப்பில், இயற்கையான மரணம் தொடங்கிவிட்ட ஒருவர் கௌரவத்தோடு முடிவெய்துவது வாழும் உரிமையின் ஒரு பகுதியாகலாம் என்ற வாசகத்தையும் அவர்கள் விட்டுச்சென்றார்கள். 2011இல், மும்பை மருத்துவமனை ஒன்றில் கொடியதொரு தாக்குதலுக்கு ஆளாகி 37 ஆண்டுகளாக உணர்வற்றுக் கிடந்த செவிலியின் வழக்கில், உச்சநீதிமன்றம் அந்த வாசகத்தைப் பற்றிக்கொண்டே, உயர்நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று வழி திறந்தது. அந்தப் பெண்மணியின் விஷயத்தில் மட்டும், அவரைக் குழந்தைபோல் பேணிவந்த உடன் செவிலியரின் மறுப்பை மதித்து, அனுமதி தரவில்லை. 2015 மே மாதம் அவர் இயற்கையாக மறைந்தார். ராஜஸ்தான் தீர்ப்பு வந்தது அதற்குப் பின் மூன்று மாதங்களுக்குள்.

அந்த வழக்கு 2006இல் ஜெய்ப்பூர் வழக்கறிஞர் ஒருவரால் பொது நல மனுவாகத் தொடுக்கப்பட்டது. சந்தாரா தற்கொலையே என்பதும், உடன்கட்டையை மதத்தின் பெயரால் அனுமதிக்காத நாடு இதனை மட்டும் அனுமதிப்பது நியாயமன்று என்பதும், முதியவர்கள், அதிலும் முதிய பெண்கள், குடும்பத்தாரின் விருப்பத்துக்கும் ஊராரின் புகழ்ச்சிக்கும் ஆளாகி இதில் இறக்கப்படுகிறார்கள் என்பதும் மனுதாரரின் வாதங்கள். ஜைன சங்கங்கள் வழக்கில் சேர்ந்து, இது ஆசையை அறுக்கும் தவம், தற்கொலை ஆசையின் விளைவு, ஆகவே ஒன்றுக்கொன்று மாறானவை என்று எதிர்வாதம் செய்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, தலைமை நீதிபதி சுனில் அம்பவானியும் நீதிபதி சிராதனாவும் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. மோட்சம் அடையச் சந்தாரா இன்றியமையாதது என்று ஜைன சாஸ்திரங்கள் எதுவும் விதிக்கவில்லை, ஆகவே அது அச்சமயத்தின் இன்றியமையாத அங்கம் அன்று, அரசியல் சட்டத்தின் 25ஆம் ஷரத்தின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது, மாநில அரசு அதனை எந்த வடிவத்திலும் நிறுத்தி வழக்குப் பதிய வேண்டும் என்பன அதன் சாரம்.

இன்றியமையாத அங்கம் என்ற இந்த அளவுகோல் நம் நாட்டு நீதிமன்றங்களுக்குக் கிடைத்த வரலாறு தனியே சொல்லத்தக்கது. சென்னை மாநிலத்தில் அப்பொழுது சேர்ந்திருந்த உடுப்பியின் சிரூர் மடத்துக்கும் சென்னை இந்து அறநிலைய ஆணையருக்கும் நடந்த வழக்கில், 1954இல், நீதிபதி முகர்ஜி வகுத்த கொள்கை அது. ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே முதன்மையாக அறியவேண்டும் என்பதே அவர் கூறியது. அரசாங்கம் மடங்களின் உள்விவகாரங்களில் எல்லை மீறிப் புகாமல் காக்க எழுந்த கொள்கை அது. காலப்போக்கில் அதனை நீதிபதிகள் தாமே சாஸ்திரங்களைப் புரட்டி, இது வேண்டும், இது வேண்டாம் என்று தீர்மானிக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார்கள். ராஜஸ்தானில் அந்தக் கருவி தன் குறையைத் தெளிவாகக் காட்டிற்று. எல்லாரும் செய்யவேண்டிய கட்டளையாக இல்லாதது இன்றியமையாதது அன்று என்றால், துறவுங்கூட எந்தச் சமயத்திலும் இன்றியமையாததாக இராது. ஏனெனில் எல்லாரும் துறவு பூணவேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை. உயர்ந்த விரதம் என்பதே சிலர் மட்டும் தாமாக ஏற்பது அன்றோ? கட்டாயம் இல்லை என்பதையே நோன்புக்கு எதிரான சான்றாகக் கொண்ட தீர்ப்பு, கட்டாயம் இருந்ததா என்ற கேள்வியை ஆராய வேண்டிய அளவு ஆராயவில்லை என்பதே அதன்மேல் நான் வைக்கும் குறை.

தீர்ப்பு வெளியான இரண்டு வாரங்களில் ஜைன சமூகம் ஒன்று திரண்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் ஏறக்குறைய 44½ லட்சம் பேரே உள்ள சிறிய சமூகம் அது. 2014 ஜனவரியில்தான் தேசிய அளவில் சிறுபான்மைச் சமூகமாக அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு 24ஆம் தேதி பல நகரங்களில் கடைகளை அடைத்து, வாய் பேசாமல், வெண்ணுடை அணிந்த ஆண்களும் பெண்களுமாக ஊர்வலம் சென்றார்கள். திகம்பரர், சுவேதாம்பரர், ஸ்தானகவாசி, தேராபந்தி என்று பல நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்றவர்கள் ஒரே வரிசையில் நடந்தார்கள். 31ஆம் தேதி உச்சநீதிமன்றம் ராஜஸ்தான் தீர்ப்பை நிறுத்திவைத்தது. மேல்முறையீடுகளை விசாரணைக்கு ஏற்ற நீதிமன்றம் அவற்றை எடுத்துக்கொள்ளாமல் ஆண்டுகள் பல சென்றன. சமயங்களின் வரலாற்றில் இத்தகைய தருணங்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதுவரை உள்ளுக்குள் ஆராய்ந்தும் ஐயுற்றும் கையாண்டு வந்த வழக்கத்தை, வெளியிலிருந்து தாக்குதல் வந்தவுடன், சமூகம் கொடியாக உயர்த்திவிடுகிறது. கொடியாகிவிட்ட ஒன்றைப் பற்றிச் சமூகத்துக்குள்ளே கேள்வி கேட்பவன் துரோகியாகிவிடுகிறான். சாவுக்கு அவசரப்படுவது குற்றம் என்ற சூத்திரமும், குரு சோதித்தறிந்தே அனுமதிக்கவேண்டும் என்ற விதியும் ஊர்வலங்களின் பதாகைகளில் எழுதப்படக்கூடியவை அல்ல.

நோன்பாளிக்குப் புகழ் சேர்ப்பதைப் பற்றி மனுதாரர் கூறியதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். நாளிதழில் படம் போட்டு விளம்பரம் செய்வதும், மேள வாத்தியங்களோடு ஊர்கூடித் தரிசிப்பதும், அந்தக் குடும்பத்துக்குச் சமூகத்தில் மதிப்பு உயர்வதும் உள்ள இடத்தில், ஒரு மூதாட்டி பாதியில் மனம் மாறி, எனக்குக் கொஞ்சம் கஞ்சி கொடுங்கள் என்று கேட்க முடியுமா? நோன்பை இடையில் விட நூல்கள் இடங்கொடுக்கலாம், ஊர் இடங்கொடுக்குமா? சம்மதம் என்பது ஒரு நாள் சொல்லிவிட்டுப் போகும் சொல் அன்று. இத்தகைய நோன்பிலே ஒவ்வொரு நாளும், நாக்கு வறண்டு நினைவு மங்கும் வரையிலும், அது புதிதாகச் சொல்லப்பட வேண்டும். மறுத்துச் சொல்லவும் வழி இருக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டில் இந்தூரிலிருந்து வந்த செய்தி இந்த அச்சத்தை எனக்குப் பன்மடங்காக்கியது. மூளையில் கட்டி வந்து மருத்துவர்களால் ஆகாதென்று விடப்பட்ட மூன்று வயதுக் குழந்தை ஒன்று, சந்தாரா விரதம் ஏற்பிக்கப்பட்டு இறந்ததாக அச்செய்தி கூறிற்று. அந்தப் பெற்றோரின் துன்பத்தின் முன் கடுஞ்சொல் கூற எனக்கு நா எழவில்லை. தம் குழந்தைக்கு நற்கதி கிடைக்கவேண்டும் என்பதன்றி அவர்கள் வேறொன்றையும் வேண்டியிருக்க மாட்டார்கள். ஆயினும் நான்கு கஷாயங்களை மெலிவிப்பதும், பகைவரை மன்னிப்பதும், வாழ்வாசை சாவாசை இரண்டையும் கடப்பதும் மூன்று வயதுக் குழந்தையால் ஆகக்கூடியவையா? சமந்தபத்திரரின் நூலையே தராசாக வைத்து நிறுத்தாலும் அது சல்லேகனை ஆகாது. நோய் குணமாகாத குழந்தைக்கு வேதனை தணிக்கும் மருந்தும் தாயின் மடியும் போதும். அதன் மேல் விரதம் என்ற பெயரை ஏற்றியது நியாயமன்று. இதை வெளியிலிருப்பவர் சொல்வதைக் காட்டிலும் ஜைன ஆசாரியர்களே உரக்கச் சொல்லியிருந்தால் அவர்களுடைய தர்மத்துக்கு அது பெரிய காவலாக இருந்திருக்கும்.

இதற்கிடையே அரசியலும் சட்டமும் வேறொரு பாதையில் நகர்ந்துகொண்டிருந்தன. 309ஆம் பிரிவை நீக்கவேண்டும் என்று சட்ட ஆணையம் 2008இலேயே தன் 210ஆம் அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. நீக்க முடிவு செய்திருப்பதாக 2014 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலும் அறிவித்தது. ராஜஸ்தான் தீர்ப்பு அந்தப் பிரிவைப் புது உயிர் கொடுத்துக் கையாண்டது அதற்கு எட்டு மாதம் பின்பு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளப்படவேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று விதித்தது. மன அழுத்தம் என்ற அந்தக் கருணை மிக்க சொல்லும் சந்திரநந்தி ஆசிரியர்க்குப் பொருந்தாது என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். குற்றவாளி அல்லது நோயாளி என்ற இரண்டையன்றி, தெளிந்த அறிவோடு முடிவெய்துகிறவர் என்ற மூன்றாம் மனிதருக்குச் சட்டத்தில் இன்னும் பெயர் இல்லை. 2018 மார்ச் 9ஆம் தேதி, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள், கௌரவத்தோடு இறப்பது 21ஆம் ஷரத்தில் அடங்கிய உரிமை என்றும், நினைவு தப்புமுன்பே, இன்ன நிலையில் எனக்குச் செயற்கை உயிர்ப்பு வேண்டாம் என்று ஒருவர் எழுதிவைக்கும் மரண முன்விருப்ப ஆவணம் செல்லும் என்றும் தீர்த்தார்கள். அதற்கு விதித்த நடைமுறைகள் மிகச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றமே அவற்றைத் தளர்த்தியது. ஆக, மூக்கில் செருகிய குழாயின் வழியே வரும் உணவை மறுப்பவர்க்கு ஒரு நியாயமும், கையால் ஊட்டும் உணவை மறுப்பவர்க்கு மற்றொரு நியாயமும் என்ற நிலையில் நாம் இருக்கிறோம். முன்னதை நீதிமன்றம் உரிமை என்று கூறிவிட்டது. பின்னதைப் பற்றி அது இன்னும் முடிவு கூறவில்லை.

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சம்ஹிதை எடுத்துக்கொண்டது. பழைய 309ஆம் பிரிவு அதில் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. அகஸ்டினின் வாதத்திலிருந்து நாற்சந்திக் குழி வழியே நம் நாட்டுக்கு வந்துசேர்ந்த விதி இவ்வாறு, ஏறக்குறைய அரவமில்லாமல், மறைந்தது. ஆனால் தற்கொலைக்குத் துணை நிற்பது 108ஆம் பிரிவில் முன்போலவே பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக இருக்கிறது. நோற்று இறப்பவர்மேல் இனி வழக்கில்லை. சந்தாரா தற்கொலையே என்று உச்சநீதிமன்றம் ஒருநாள் முடிவு செய்யுமானால், வழக்கு முழுவதும் அவர் அருகில் இருந்தவர்கள்மேல் வந்து விழும்: அனுமதி தந்த குருவின்மேல், வெந்நீர் வட்டிலை நீட்டியும் பின்பு நீட்டாமலும் இருந்த மகளின்மேல், இரவு முழுவதும் பஞ்ச நமஸ்காரம் சொன்ன அயலார்மேல். திருநாதர்குன்றின் கல்வெட்டைச் சந்திரநந்தி எழுதவில்லை, எழுதியிருக்கவும் முடியாது. ஒன்று, இரண்டு என்று 57 வரை நாள்களை எண்ணிக்கொண்டு, பாறை நிழலில் அவர் பக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

(தொடரும்)